ஈரான் - ஈராக் யுத்தம்: வென்றது யார்?

எட்டு வருட யுத்தத்தில் வென்றது யார் எண்டு கேட்டால், ஈரானும் சொல்லும் ‘நாங்கதான்’, ஈராக்கும் சொல்லும் ‘நாங்கதான்’. நம்மவர்களில் பலர் இதை ‘ஸுன்னி - ஷீஆ சண்டை’ என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். விசயம் அவ்வளவு லேசானதல்ல.

பிணக்கின் வேர் ஓர் ஆற்றில் இருந்தது. யூப்ரடீஸும் தைகிரிஸும் ஒன்றுசேர்ந்து வளைகுடாவில் விழும் ஷத்துல் அரப் அது. 1937 உடன்படிக்கைப்படி ஆற்றின் பெரும்பகுதி ஈராக்குக்கே உரியது. 1975இல் அல்ஜியர்ஸில் ஷாவும் ஸதாம் ஹுஸைனும் உடன்பட்டு, ஆற்றின் ஆழமான நீரோட்டமே எல்லை என்று வைத்தார்கள். பதிலுக்கு, ஈராக்கின் குர்திஷ் கிளர்ச்சியாளருக்குக் கொடுத்து வந்த உதவியை ஈரான் நிறுத்தியது.

1979 புரட்சியோடு நிலைமை மாறியது. கொமைனியின் அழைப்பு ஈராக்கிய ஷீஆக்களை எழுப்பிவிடுமோ என்ற பயம் ஸதாமுக்கு. ஈரானியப் படை குலைஞ்சி கிடக்குது, இதை விட்டால் சந்தர்ப்பம் வராது என்ற ஆசையும் கூட. 1980 செப்டெம்பர் 17இல் ஒப்பந்தம் செல்லாது என்றார். 22இல் படை எல்லை தாண்டியது.

கணக்கு இரு பக்கமும் பிழைத்தது. குஸெஸ்தான் அரபிகள் ஸதாமுக்காகத் திரண்டு எழும்பவில்லை. ஈராக்கிய ஷீஆக்களும் கொமைனிக்காக எழும்பவில்லை. ஈராக்கின் சாதாரண சிப்பாய்களில் பெரும்பாலானோர் ஷீஆக்களே. அரபு நாடான ஸிரியாவோ ஈரானின் பக்கம் நின்றது. வெறும் மதப்பிரிவுச் சண்டையெண்டால் இப்படி நடந்திருக்குமா?

1982 மே 24இல் ஈரான் குர்ரம்ஷஹ்ர் நகரை மீட்டது. ஈராக் பின்வாங்கி, சமாதானம் பேசவும் முன்வந்தது. அத்தோடு நின்றிருந்தால் வெற்றி ஈரானுடையதே. ஆனால், ஜூலையில் ஈரானியப் படை ஈராக்கினுள் நுழைந்தது. யுத்தம் இன்னும் ஆறு வருடம் நீண்டது. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் ஈராக் வீசிய நச்சுவாயு ஆயிரக்கணக்கான குர்திஷ் மக்களைக் கொன்றது. ஏப்ரலில் ஃபாவ் குடாநாட்டை ஈராக் திரும்பப் பிடித்தது. ஜூலையில் ஐ.நா.வின் 598ஆம் தீர்மானத்தை ஈரான் ஏற்றது; அதை நஞ்சு குடிப்பதற்கு ஒப்பிட்டார் கொமைனி. ஆகஸ்ட் 20இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

‘ஈரானைப் பணிய வைத்தோம்’ என்றது பக்தாத். ‘ஒரு சாண் நிலமும் விட்டுக்கொடுக்கல்ல’ என்றது தெஹ்ரான். 1990 ஆகஸ்டில் குவைத்தைப் பிடித்த கையோடு, தான் செல்லாதென்ற 1975 எல்லையை ஸதாமே மீண்டும் ஏற்றுக்கொண்டார். 1991 டிசம்பரில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் அறிக்கை, யுத்தத்தைத் தொடக்கிய பொறுப்பு ஈராக்குடையது என்றது.

காகிதத்தில் பார்த்தால் ஈரானின் வாதம் நின்றது. ஆனால், 1982இலேயே கைக்கு எட்டியதுக்காக மேலும் ஆறு வருடம் பிள்ளைகளைப் பலிகொடுத்த தரப்பை வென்றவர் எண்டு எப்படிச் சொல்வது? மாண்டவர்கள் இலட்சக்கணக்கானோர், கோடு 1975இல் இருந்த அதே இடத்தில். இரண்டு அரசுகள் போட்ட பிழைக்கணக்கை மார்க்கத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.