இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

விடியற்காலை நான்கரை மணிக்கே ஜோகூர் பாருவில் பல வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் நேரம் அது. சில வீடுகளில் மட்டும் அந்த விளக்கு இரவு முழுவதும் அணைந்திருக்காது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டியை அம்மா பன்னிரண்டு மணிக்கும், இரண்டு மணிக்கும், நான்கு மணிக்கும் எழுந்து திருப்பிப் படுக்க வைத்திருப்பார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி சொன்ன சொல் அது: "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புங்கள்."

மாணவர்களே, உங்கள் வீடும் அப்படி ஒரு வீடாக இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் நண்பர் ஒருவரின் வீடாக இருக்கலாம். ஏன் இரண்டு மணி நேரம்? திருப்பாமல் விட்டால் என்ன ஆகும்? இரவெல்லாம் எழுந்து எழுந்து திருப்புகிற அம்மாவுக்கு என்ன ஆகிறது? மூன்று கேள்விகளுக்கும் அறிவியலில் பதில் இருக்கிறது.

உள்ளங்கை அளவு இடம்

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. இதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். படுத்திருக்கும் ஒருவரின் எடை உடல் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை போன்ற எலும்பு துருத்தும் இடங்களில்தான் அதிகம் இறங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பாட்டியின் எடையில் 5 கிலோ மட்டும், அதாவது சுமார் 50 நியூட்டன், முதுகின் அடியில் 50 சதுர சென்டிமீட்டர் இடத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளங்கையைவிடச் சிறிய இடம். அங்கே அழுத்தம் 10,000 பாஸ்கல். இரத்த அழுத்தக் கருவியின் அளவில் சொன்னால் சுமார் 75 மில்லிமீட்டர் பாதரசம். தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தமோ சுமார் 32 மில்லிமீட்டர்தான். வெளி அழுத்தம் இவ்வளவு கூடிவிட்டால் குழாய் நசுங்கும், இரத்தம் நிற்கும், ஆக்சிஜன் கிடைக்காத திசு சாகத் தொடங்கும். அதுதான் படுக்கைப்புண்.

நாமும் இரவில் எட்டு மணி நேரம் படுக்கிறோமே, நமக்கு ஏன் வருவதில்லை? தூக்கத்திலேயே பல முறை புரண்டு படுக்கிறோம். வலி வரும் முன்பே நரம்பு மூளைக்குச் சொல்லிவிடுகிறது, உடல் அசைகிறது. பக்கவாதம் அந்தச் செய்தியையும் அறுக்கும், அசைவையும் நிறுத்தும். அதனால் வேறொருவர் கை தேவைப்படுகிறது.

இந்த இரண்டு மணி நேர வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் டாக்டர் லுட்விக் குட்மன். இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களுக்காக 1944-இல் ஒரு பிரிவைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோவது வழக்கம். குட்மன் இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைத் திருப்ப வைத்தார். பிழைத்தவர்களை விளையாட வைத்தார். 1948-இல் அவர் அங்கே நடத்திய போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக் ஆனது.

கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள்

படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று புத்தகங்கள் சொல்லும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் இரத்தம் இன்னும் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் சேதம் தொடங்கிவிட்டது.

ஆனால் நம் தாத்தா பாட்டிகள் பலருக்குத் தோல் கறுப்பு. கறுத்த தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கல்போல் இறுகியிருக்கிறதா, கொழகொழப்பாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். பேச முடிந்தவர் என்றால் வலிக்கிறதா என்று கேளுங்கள். நிறம் கருநீலமாக மாறியிருந்தாலும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லிவிட வேண்டும்.

நல்லது என்று நினைத்து நாம் செய்யும் சில காரியங்கள் கெடுதலாக முடியும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, அடியில் இருக்கும் நலிந்த திசு கிழியும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம், அது சுற்றியுள்ள தோலை இறுக்கி இரத்தத்தைத் தடுக்கும். பாட்டி கீழே சறுக்கிவிட்டால் கக்கத்தில் கைகொடுத்து இழுக்காதீர்கள். தோல் மெத்தையில் ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும்போது நடுவிலுள்ள இரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். படுக்கை விரிப்பையோ பழைய கைலியையோ நான்காக மடித்து முதுகுக்கும் இடுப்புக்கும் அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்துவதே சரி. இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். பாட்டிக்கும் ஆபத்து, உங்கள் இடுப்புக்கும் ஆபத்து.

பக்கவாட்டில் திருப்பும்போது முழுமையாகச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து 30 பாகை அளவு சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையைத் தொடாமல் நிற்கும். சாப்பாடு கொடுக்கும்போது மட்டும் நிமிர்த்தி உட்கார வையுங்கள், முடிந்தபின் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் தடுக்க அது தேவை. பிறகு தலைப்பக்கத்தைத் தாழ்த்திவிடலாம்.

அம்மாவின் கையில் ஆறாத புண்

இனி மூன்றாவது கேள்வி. 1995-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் அவருடைய குழுவினரும், மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் பராமரிக்கும் 13 பெண்களையும், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். வயதிலும் குடும்ப வருமானத்திலும் இரு குழுவும் ஒத்திருந்தன. ஒவ்வொருவர் முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே அளவு சிறு புண் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள்.

பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள் ஆனது. பராமரிப்பவர்களுக்கு 48 நாளுக்கு மேல். ஒன்பது நாள் வித்தியாசம்! நீண்டகால மன அழுத்தம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலையை மந்தமாக்குவதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பாட்டியின் தோலைக் காப்பாற்றும் அம்மாவின் தோல் தாமதமாக ஆறுகிறது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அம்மா சொன்னாலும் உடல் வேறு கணக்குச் சொல்லும்.

அப்படியென்றால் அம்மா எப்போது தூங்குவது? அறிவியல் இங்கேயும் கொஞ்சம் உதவுகிறது. அமெரிக்கா, கனடாவில் 27 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தவர்களை 2, 3, 4 மணி நேரங்களுக்கு ஒருமுறை என மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்தார்கள். படுக்கைப்புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மெத்தை அழுத்தத்தைப் பரப்பிவிட்டதால் இடைவெளி நீண்டாலும் தோல் தாங்கியது.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே நீங்களாக நேரத்தை மாற்றிவிடாதீர்கள். அந்த இல்லங்களில் தோலைத் தொடர்ந்து சோதிக்க ஆட்கள் இருந்தார்கள். ஏற்கெனவே புண் உள்ளவருக்கு இது பொருந்தாது. ஆனால் கிளினிக் தாதியிடம் கேட்கலாம்: "எந்த மெத்தை வாங்கலாம்? இரவில் இடைவெளியைக் கூட்டலாமா?" அந்தக் கேள்வி அம்மாவுக்குச் சில மணி நேரத் தூக்கத்தைத் தரலாம்.

தனியாகச் சுமக்க வேண்டியதில்லை

மலேசியாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2010 கணக்கெடுப்பில் 5 விழுக்காடு, 2020-இல் 6.8 விழுக்காடு. இப்படிப்பட்ட வீடுகள் இனி கூடும். ஜோகூரின் வடக்கே சிகாமட் மாவட்டத்தில், சாஆ, பெக்கோக் உள்ளிட்ட ஐந்து முக்கிம்களில், மோனாஷ் பல்கலைக்கழக மலேசியாவின் ஆய்வுக் குழு 2011 முதல் வீடு வீடாகச் சென்று மக்களின் உடல்நலத்தைப் பதிவு செய்து வருகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே அளக்கப்படுகின்றன. பக்கவாதத்துக்கு வழி திறப்பவற்றில் முக்கியமானவை இவை இரண்டும். உங்கள் பெற்றோர் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

உதவிக்கும் வழி உண்டு. 2014 முதல் சுகாதார அமைச்சு தேர்ந்தெடுத்த அரசாங்கக் கிளினிக்குகளிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையை நடத்துகிறது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய படுக்கை நோயாளிகளைத் தாதியும் மற்ற பணியாளர்களும் வந்து பார்ப்பார்கள், வீட்டாருக்கும் பராமரிப்பைச் சொல்லிக் கொடுப்பார்கள். சமூக நலத்துறையில், தனித்திருக்கும் முதியோருக்கு வீட்டில் உதவும் தொண்டர் சேவையும், படுக்கை நோயாளிகளைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தாலியன் காசே 15999 எண்ணை அழைக்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு தாளில் நேரம், எந்தப் பக்கம், தோல் எப்படி இருந்தது என்று மூன்று கட்டம் போட்டுக் கட்டில் அருகே ஒட்டுங்கள். யார் திருப்பினாலும் எழுதட்டும். பள்ளி முடிந்து வந்ததும் ஒரு முறையும், தூங்கப் போகும் முன் ஒரு முறையும் அப்பாவுடனோ அண்ணனுடனோ சேர்ந்து நீங்கள் திருப்பலாம். மருந்து அளவும் குழாய்களும் பெரியவர்கள் பொறுப்பு. பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் நிலை வந்தால் வகுப்பாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திருப்பும்போது பாட்டியிடம் பேச மறக்காதீர்கள். "பாட்டி, இந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பதில் பேச முடியாதவருக்கும் காது கேட்கும்.