கோழியின் எச்சமும் ஜீரண க்ஷேமமும்

கிராமக் குடும்பங்களில் கோழி வளர்ப்பு பெரும்பாலும் ஸ்திரீகளின் கைமுதலாக இருந்து வருகிறது. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், ஐந்தாறு பெட்டைகள் உள்ள வீட்டில் முட்டை விற்ற காசு உப்பு, புளிக்கும் குழந்தைகளின் புஸ்தகத்திற்கும் உதவுவது யாவரும் அறிந்ததே. ஆயினும், பல மாதம் பேணி வளர்த்த கோழிகள் ஒரே வாரத்தில் கழிச்சல் கண்டு மடிந்து, கூண்டு வெறுமையாவதும் அடிக்கடி நிகழ்கிறது. இந்நஷ்டத்தில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது. கோழி தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. அதன் எச்சம் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆகையால் காலையில் கூண்டைத் திறக்கும்பொழுது தரையை உற்றுப் பார்க்கும் பழக்கம் மிகவும் அவசியமாகும்.

ஜீரணம் நடைபெறும் விதம்

கோழிக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கிய தானியம் முதலில் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. பின்னர் இரைப்பையில் ஜீரண நீருடன் கலந்து, கெட்டியான தசையாலாகிய அரைவைப்பையில், கோழி பொறுக்கித் தின்ற சிறு கற்களின் உதவியால் அரைபடுகிறது. அதன்பின் சிறுகுடலில் சத்து உறிஞ்சப்படுகிறது. கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கழிக்கும் வழி கிடையாது. சிறுநீரகங்கள் பிரிக்கும் கழிவு வெண்மையான பசைபோல் எச்சத்துடனேயே வெளிப்படுகிறது.

இயற்கையான எச்சம்

நல்ல எச்சம் சற்றுக் கெட்டியாகவும், சாம்பல் அல்லது பழுப்பு நிறமாகவும், மேலே வெள்ளைத் தொப்பி வைத்தாற்போலவும் இருக்கும். இடையிடையே, பளபளப்பாகவும் களிபோலவும் துர்நாற்றத்துடனும் கரும்பழுப்பு எச்சம் விழும். இது குடலின் கடைசியிலுள்ள இரு குருட்டுக்குடல்களிலிருந்து வருவது, வியாதி அன்று. சித்திரை, வைகாசி வெயிலில் கோழிகள் ஜலம் மிகுதியாகக் குடிப்பதால் எச்சம் நீர்த்துப் போவதும் இயல்பே. கீரை மிகுதியாகத் தின்றால் எச்சம் பச்சையாகும். கோழி சுறுசுறுப்பாக இரை பொறுக்கி, கொண்டை சிவந்து இருக்குமாயின், இவற்றைக் கண்டு அஞ்சி அதை அவசரமாக விற்றுவிட வேண்டுவதில்லை.

வெள்ளைக்கழிச்சல்

பச்சையும் வெள்ளையும் கலந்த நீர்க்கழிச்சலுடன் கோழி இரையெடாமல் கூனிக் குறுகி நிற்பதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், கழுத்துத் திருகுவதும், கால் இழுப்பதும் ராணிக்கெட் நோயின் குறிகள். இந்நோய் 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் கண்டறியப்பட்டது; சிறிது காலத்திற்குள் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டில் காணப்பட்டமையால் இந்தியாவில் அப்பெயர் பெற்றது. தடுப்பு மருந்து பெறாத கோழிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேலும் மடியக்கூடும். நோய் கண்டபின் இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பதே வழி. 1940-களில் முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பு மருந்து உருவாக்கப்பட்டது. 1932-இல் ஸ்தாபிக்கப்பட்ட ராணிப்பேட்டை நிலையத்தில் கால்நடைகளுக்கும் கோழிகளுக்குமான தடுப்பு மருந்துகள் தயாரிக்கப்பட்டு வருகின்றன. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டு வாரமானபின் இறக்கையடியில் ஊசியும் போடுவது வழக்கம்.

இரத்தக்கழிச்சல்

மூன்று முதல் ஆறு வார வயதுள்ள குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தோன்றினால் அது பெரும்பாலும் காக்ஸிடியா என்னும் நுண்ணுயிரின் வேலையாகும். எச்சத்துடன் வெளிவரும் இதன் முட்டைகள், ஈரமும் வெப்பமும் கூடிய தரையில் ஓரிரு நாட்களில் பக்குவமடைந்து, வேறு குஞ்சுகளின் வயிற்றில் புகுந்து குடலின் உட்சுவரைச் சிதைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை நனைந்து கிடப்பதால் அக்காலத்தில் அபாயம் அதிகம். சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு இம்முட்டைகள் எளிதில் அழிவதில்லை. உலர்ந்த தரையும் கடும் வெயிலும் இவற்றுக்குப் பகை. உமி அல்லது கடலைத் தோல் பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் அகற்ற வேண்டும். இந்நோய்க்கு மருந்து உண்டு. கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து, தாமதமின்றிக் கொடுத்தால் பல குஞ்சுகள் பிழைக்கும்.

மற்றக் காரணங்கள்

பொரித்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் குஞ்சின் பின்புறத்தில் சுண்ணாம்புபோல் வெள்ளை எச்சம் ஒட்டி, குஞ்சு கத்தி மடியுமானால், தாயினின்று முட்டை வழியாக வந்த தொற்றாக இருக்கலாம். அப்பெட்டையின் முட்டைகளை அடைக்கு வைத்தலாகாது.

நன்றாகத் தின்றும் மெலியும் கோழியின் எச்சத்தில் நூல்போன்ற நீண்ட புழுவோ, அரிசிபோன்ற நாடாப்புழுத் துண்டோ காணப்படலாம். நாடாப்புழுவை எறும்பு முதலியன பரப்புகின்றன. மருத்துவர் கூறியபடி காலந்தோறும் புழு மருந்து கொடுக்க வேண்டும்.

இவ்வட்டாரத்தில் மிகுதியாக விளையும் நிலக்கடலை விஷயத்தில் தனிக் கவனம் தேவை. பூஞ்சணம் பிடித்த கடலையிலும் பிண்ணாக்கிலும் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் உண்டாகி ஈரலைக் கெடுக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் இத்தகைய பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லக்ஷத்திற்கு மேல் மடிந்தன. மனிதர் உண்ணத் தகாதென ஒதுக்கிய கடலை கோழிக்கும் தகாது. உப்பு மிகுந்த கருவாட்டுக் கழிவும், ஊறுகாய் மிச்சமும் நீர்க்கழிச்சலை உண்டாக்கும்.

சங்கத்தார் செய்ய வேண்டுவன

1. தடுப்பு மருந்துக் குப்பி ஒவ்வொன்றிலும் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். கரைத்த மருந்தை ஓரிரு மணி நேரத்திற்குள் உபயோகிக்க வேண்டுமாதலால், தனி வீட்டார் அதை வாங்கிப் பயனில்லை. அங்கத்தினர்கள் ஒரு நாளைக் குறித்து, எல்லா வீட்டுக் கோழிகளையும் ஓரிடத்தில் சேர்த்தால் ஒரு குப்பி ஊருக்குப் போதும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். வெயில் பட்டால் அது வீரியம் இழக்கும்.

2. சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைத்து, அதன் எச்சத்தைக் கவனித்தபின் மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும்.

3. கழிச்சல் கண்ட கோழியைச் சந்தைக்கு அனுப்புதல் கூடாது. ஒரு வீட்டார் அதனால் அடையும் சொற்பக் காசு பல ஊர்க் கூண்டுகளை வெறுமையாக்கும்.

4. இறந்த கோழியை ஏரியிலும் தெருவிலும் எறியாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். பல கோழிகள் திடீரென இறந்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

5. எச்சத்தை அள்ளியபின் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். அதிலுள்ள சில கிருமிகள் மனிதருக்கும் பேதி உண்டாக்கும்.

ஒருவர் வீட்டுக் கோழி அடுத்தவர் குப்பையில் மேய்கிறது. எனவே ஒரு வீட்டார் மட்டும் ஜாக்கிரதையாயிருந்து பயனில்லை. கோழி க்ஷேமம் ஊர் முழுவதும் கூடிச் செய்ய வேண்டிய காரியமாகும்.