மூச்சு விட விடாத ஆட்டம்

அமெரிக்கக் காற்பந்தில் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஆட்டக்காரர்கள் வட்டமாகக் கூடித் திட்டம் பேசுவது வழக்கம்.

ஓரிகன் பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்றுநராக 2009 முதல் 2012 வரை இருந்த சிப் கெல்லி, அந்தக் கூடலையே நிறுத்தினார். திடல் ஓரத்திலிருந்து சைகை வரும். அடுத்த முயற்சி உடனே தொடங்கிவிடும்.

தாக்கும் தரப்பு ஆளை மாற்றினால், எதிரணிக்கும் ஆளை மாற்ற அவகாசம் தரவேண்டும் என்பது விதி. மாற்றாவிட்டால்? களைத்தவர்களே களத்தில் நிற்க வேண்டியதுதான்! கால் தளர்ந்தால் கவனமும் தளரும். யாரைப் பிடிப்பது என்று அவர்கள் குழம்பும் நொடியே ஓரிகனுக்குப் போதும்.

ஆனால், அந்த வேகம் பலிக்காவிட்டால் சொந்தத் தற்காப்பாளர்கள்தான் ஓய்வின்றித் திடலுக்குத் திரும்புவார்கள். 2010 பருவத்தின் 12 ஆட்டங்களிலும் வென்ற ஓரிகன், 2011 ஜனவரி இறுதியாட்டத்தில் ஆபர்னிடம் 19-22 எனத் தோற்றது. எதிரி அசராவிட்டால் வேகம் மட்டும் என்ன செய்யும்?