கற்கும் மூளை – 11: கண்ணாடியில் தெரிந்த நட்சத்திரம்

சென்ற வாரம், கற்றது நாளாக நாளாக எப்படி மறந்துபோகிறது என்று காட்டும் உளவியலாளர் எபிங்ஹாஸின் மறதி வளைவோடு நிறுத்தினோம். மேலே போவோம்.

‘பார்த்துக் கற்கும் பிள்ளை, கேட்டுக் கற்கும் பிள்ளை, செய்து கற்கும் பிள்ளை’ என்று குழந்தைகளை வகை பிரிக்கும் கொள்கையை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஹென்றி மொலைசன் குறுக்கே வந்தார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அந்தக் கொள்கையை எடைபோடுவதற்கு அவர் கதையைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மொலைசன் 1926-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வலிப்பு வந்தது. வளர வளர அதுவும் கடுமையாகி, வேலைக்குப் போக முடியாத நிலைக்குத் தள்ளியது. மருந்துகள் பலிக்கவில்லை. 1953-ல் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், அவருடைய மூளையின் பொட்டுமடல்களின் உட்பகுதியை இருபுறமும் எடுத்துவிட்டார். ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கும் அதோடு போனது. அப்போது மொலைசனுக்கு 27 வயது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப்பின் சந்தித்த எந்த மனிதரும், நடந்த எந்த நிகழ்ச்சியும் அவர் மனதில் தங்கவில்லை. அறிவுத்திறன் சோதனையில் 112 புள்ளிகள் எடுத்தார். அது சராசரிக்கும் மேல். ஆனால் 1955 ஏப்ரலில் தேதி கேட்டபோது 1953 மார்ச் என்றார். வயது 27 என்றார்.

அன்று அவரைச் சோதித்தவர் மான்ட்ரியாலிலிருந்து வந்திருந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர். ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மொலைசன் அந்த இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தும் பிரித்துப் பார்த்தும் மனதுக்குள் விடாமல் உருட்டி, கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் போய்விட்டது. அப்படி ஒரு எண்ணைத் தன்னிடம் கொடுத்தார்கள் என்பதும் சேர்ந்தே போய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது.

காகிதத்தில் ஒரு நட்சத்திரம். அதன் ஓரத்தை இரட்டைக் கோடாக வரைந்திருக்கிறார்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே, எதன்மீதும் படாமல் பென்சிலை ஓட்டி ஒரு சுற்று வரவேண்டும். ஆனால் கையையும் காகிதத்தையும் நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு மறைப்பு இருக்கும். எதிரேயுள்ள கண்ணாடியில் மட்டுமே பார்க்கலாம். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முனை வந்து திரும்ப வேண்டிய இடத்தில் பென்சில் எதிர்த்திசைக்கு இழுக்கும். முதல் சில சுற்றுகளில் எல்லோரும் திணறுவார்கள். மொலைசனும் திணறினார். நாளுக்குப் பத்துத் தடவையாக மூன்று நாள் வரைய வைத்தார் மில்னர். தடவைக்குத் தடவை பிழைகள் குறைந்தன. இரண்டாம் நாள், முதல் நாள் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கினார். மூன்றாம் நாள் கோடு ஏறக்குறைய சுத்தமாக ஓடியது. அதை முன்பு வரைந்திருக்கிறீர்களா என்று கேட்டால், ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவைதான். கற்ற மனிதருக்குத் தாம் கற்றதே தெரியவில்லை!

இதோடு இன்னொரு சோதனையையும் வைத்துப் பாருங்கள். ஒரு பலகையில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை உலோகக் குமிழ்கள். ஒரு கோலால் அவற்றைத் தொட்டுத் தொட்டு, மறைந்திருக்கும் சரியான பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறான குமிழைத் தொட்டால் ‘க்ளிக்’ என்று சத்தம் வரும். மூன்று நாட்களில் 215 முறை முயன்றார் மொலைசன். துளிகூட முன்னேற்றம் இல்லை.

பலகையைக் கண் பார்க்கிறது, கோலைக் கை நகர்த்துகிறது, தவறைக் காது கேட்கிறது. மூன்று வழிகளும் திறந்திருந்தும் ஒன்றும் ஏறவில்லை. நட்சத்திரத்தில் காதுக்கு வேலையே இல்லை. ஆனால் அது ஏறியது. தகவல் எந்தப் புலன் வழியாக உள்ளே வந்தது என்பது இந்த வேறுபாட்டை விளக்கவில்லை. கற்ற விஷயம் எந்த வகை என்பதுதான் விளக்குகிறது. ‘எந்தக் குமிழுக்குப் பிறகு எந்தக் குமிழ்’ என்பது தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி. அதற்கு ஹிப்போகேம்பஸ் வேண்டும். நட்சத்திரம் கைப்பழக்கம், அதற்கு மூளையில் வேறு பாதைகள் உண்டு. 1980-ல் நீல் கோஹன், லாரி ஸ்கொயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நினைவிழந்த நோயாளிகளுக்குக் கண்ணாடி பிம்பமாக எழுதிய சொற்களை வாசிக்கக் கற்றுக்கொடுத்து இந்தப் பிரிவினையை மேலும் உறுதிப்படுத்தினார்கள்.

ஜெனீவா மருத்துவர் எதுவார் கிளாபரேத் 1911-ல் எழுதிய சம்பவத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. நினைவிழந்த ஒரு பெண்மணியோடு கைகுலுக்கும்போது, விரலிடுக்கில் ஒளித்திருந்த குண்டூசியால் குத்தினார். குத்தியதை அவர் சீக்கிரமே மறந்துவிட்டார். ஆனால் மறுபடி மருத்துவர் கையை நீட்டியபோது தன் கையை இழுத்துக்கொண்டார். காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆக, பயமும் தனக்கென ஒரு வழியில் கற்கிறது.

மொலைசனிடம் திரும்புவோம். ஸ்கோவிலும் மில்னரும் 1957-ல் எழுதிய கட்டுரை, இருபுறமும் இப்படி வெட்டி எடுப்பதன் ஆபத்தை மற்ற மருத்துவர்களுக்கு உணர்த்தியது. பின்னாளில் அவரைச் சுமார் ஐம்பதாண்டுகள் ஆராய்ந்தவர் சூசன் கார்க்கின். சிறுமியாக இருந்தபோது அவருடைய வீட்டுக்கு எதிர்வீடு ஸ்கோவிலின் வீடு! மொலைசன் 2008 டிசம்பரில், 82-வது வயதில் இறந்தார். அதுவரை உலகம் அவரை ஹெச்.எம். என்ற இரண்டெழுத்தாக மட்டுமே அறிந்திருந்தது. ஒரு வருடம் கழித்து சான் டியேகோவில் அவருடைய மூளையை 53 மணி நேரத்தில் 2401 மெல்லிய சீவல்களாக எடுத்தார்கள். தன்னால் யாருக்கேனும் பயன் உண்டு என்பதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது என்று கார்க்கின் எழுதியிருக்கிறார். மனித நினைவைப் பற்றி இவ்வளவு கற்றுக்கொடுத்த மனிதர் வேறு யாரும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

குழந்தைகளை வகை பிரிக்கும் கொள்கைக்கு இங்கிருந்து போவதே சரி. பிரிவு பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் மூளைக்குள்ளும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சைக்கிளை ஓட்டித்தான் கற்கிறார்கள், நில வரைபடத்தைப் பார்த்துத்தான் கற்கிறார்கள், உச்சரிப்பைக் கேட்டுத்தான் கற்கிறார்கள். ‘காது வழிப் பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டால் வரைபடம் காதில் ஏறிவிடாது. 2008-ல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் இந்தக் கொள்கைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். வகைக்கேற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்று காட்டும் போதிய சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எப்படிச் சலித்தார்கள், எந்தச் சோதனையைக் கேட்டார்கள் என்பது அடுத்த வாரம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் இப்படி ஏதாவது ஒரு முத்திரை குத்தி அனுப்பியிருந்தால், அதை நம்பி படத்தையோ, வாய்விட்டு வாசிப்பதையோ, எழுதிப் பார்ப்பதையோ அந்தப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

(தொடரும்)