விடியற்கால மண்வெட்டியும் இரத்த அழுத்தமும்

விடியுமுன் வயலில் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். இது நம் விவசாயிகளின் நல்ல பழக்கம். ஆனால், மாதக்கணக்கில் முகாமில் வேலையின்றி இருந்தவர், காணிக்குத் திரும்பிய முதல் நாளே படுக்கையிலிருந்து எழுந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கலாமா?

மாங்கேணி உள்ளிட்ட வாகரைப் பிரதேச மக்கள் 2004இல் ஆழிப்பேரலையாலும், 2006, 2007இல் போராலும் இடம்பெயர்ந்தவர்கள். பற்றை மூடிய காணியைத் துப்புரவாக்குவதே திரும்புவோரின் முதல் வேலை. எனவே இக்கேள்வி நமக்குரியது.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு. இரவில் உறங்கும்போது இரத்த அழுத்தம் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வீதம்வரை குறைகிறது. விழித்ததும் சில சுரப்புகள் கூடி, இரத்தக் குழாய்கள் இறுகி, அழுத்தம் விரைந்து ஏறுகிறது. அதே அளவு வேலை மற்ற நேரங்களைவிடக் காலையில் அழுத்தத்தை அதிகம் உயர்த்துவதாக 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மாரடைப்பும் காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் இடையிலேயே கூடுதலாக ஏற்படுகிறது.

அப்படியானால் காலை வேலையை விட்டுவிடுவதா? வேண்டாம். அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் நடந்து 1993இல் வெளிவந்த ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. திடீர்க் கடும் உழைப்பால் வரும் ஆபத்து, உழைத்துப் பழகாதவருக்கே மிக அதிகம். நாளாந்தம் உழைப்பவருக்கு மிகக் குறைவு. உழைப்பு நம் பகையல்ல. பழக்கம் விட்டுப்போனதே பகை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை:

1. எழுந்ததும் சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வயலுக்கு மெதுவாக நடந்து செல்லுங்கள். முதல் அரைமணி நேரம் இலகுவான வேலை; வெட்டுவதும் சுமப்பதும் பிறகு.

2. முதல் வாரம் சிறு துண்டு நிலம் போதும். நாளுக்கு நாள் கூட்டுங்கள்.

3. யானைக் காவலுக்கு இரவு முழுதும் வாடியில் விழித்திருந்தவர், உறங்கி எழுந்த பின்பே கடும் வேலையில் இறங்கட்டும். உறக்கமில்லாத இரவில் அழுத்தம் இறங்க வேண்டிய அளவு இறங்குவதில்லை.

4. பிரஷர் குளிசையை நிறுத்தாதீர்கள். காலையில் எடுத்தாலும் இரவில் எடுத்தாலும் இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் வேறுபாடில்லை என்று பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வு கண்டது. தவறாமல் எடுப்பதே முக்கியம். இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியையும் குளிசையையும் அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் என்று சொல்லப்பட்டவர்கள், காணி வேலை தொடங்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் கண்டால் ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இத்தனை ஆண்டு காத்திருந்த காணி, இன்னும் அரைமணி நேரம் காத்திருக்கும்.