ஒரு டிரா போதும்

தீவுகளின் ஆட்டம் – 6

1998-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜமைக்கா ஜப்பானை 2-1 என வென்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். ஆங்கிலம் பேசும் கரீபியன் தீவுகளில் உலகக் கோப்பைக்கு முதலில் போனது ஜமைக்காதான். அதைப் பார்த்து அண்டைத் தீவான டிரினிடாட் அண்ட் டொபேகோ கொஞ்சம் பொருமியிருந்தால் அதில் தப்பில்லை. ஜமைக்காவுக்கு முன்பே இரண்டு முறை வாசல்படி வரை போய்த் திரும்பியவர்கள் அவர்கள்.

கிரிக்கெட் வழியாக டிரினிடாட் நமக்கு அறிமுகமான ஊர். பிரையன் லாரா, பிராவோ, பொலார்ட், சுனில் நரைன் எல்லோரும் அந்தத் தீவுக்காரர்கள். ஆனால் உலகம் அவர்களைப் பார்த்தது வெஸ்ட் இண்டீஸ் சட்டையில். பல தீவுகள் ஆள் கொடுத்து உருவாகும் கூட்டு அணி அது. கால்பந்தில் அந்தக் கூட்டு கிடையாது. ஜமைக்கா தனி, பார்படாஸ் தனி, கிரெனடா தனி. வெனிசுவேலாவை ஒட்டிக் கிடக்கிற, எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பி வாழ்கிற, இன்றைக்கும் 15 லட்சம் மக்கள்கூட இல்லாத இந்த இரட்டைத் தீவும் தன் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டுதான் மெக்சிகோவோடும் அமெரிக்காவோடும் மோத வேண்டும்.

1962-இல் சுதந்திரம் பெற்ற நாடு, 1966 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் முதன்முறையாக இறங்கியது. பத்து ஆண்டுகள் கழிவதற்குள் ஒரு நல்ல அணி கூடிவந்தது.

செல்லாத கோல்கள்

1974 உலகக் கோப்பையில் வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். அதை முடிவு செய்யும் போட்டி 1973 கடைசியில் ஹெய்ட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் நடந்தது. ஆறு அணிகள், எல்லா ஆட்டமும் ஒரே மைதானம். ஹெய்ட்டியில் அப்போது டுவாலியே குடும்பத்தின் சர்வாதிகாரம். சொந்த மண், சொந்தக் கூட்டம், மேலே பார்த்துக்கொண்டிருக்கும் அரசாங்கம்.

டிசம்பர் 4 அன்று ஹெய்ட்டியும் டிரினிடாடும் மோதின. டிரினிடாட் அடித்த கோல்களில் ஒன்றை மட்டும் எல் சால்வடார் நடுவர் ஏற்றுக்கொண்டார். குறைந்தது நான்கு கோல்களைச் செல்லாது என்று ஊதித் தள்ளினார். ஹெய்ட்டிக்கு 2-1 வெற்றி. அந்த நடுவர் பின்னர் ஃபிஃபாவின் தடைக்கு ஆளானார். ஆட்டத்தின் முடிவு மட்டும் மாறவில்லை.

அதே போட்டியில் டிரினிடாட் மெக்சிகோவை 4-0 என்று புரட்டியெடுத்தது. அதிக கோல் அடித்தவர் அவர்களுடைய ஸ்டீவ் டேவிட், ஏழு கோல். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்களுடைய எவரால்ட் கமிங்ஸ். ஊர் வைத்த பெயர் ‘கேலி’. புள்ளிப் பட்டியலில் ஹெய்ட்டி 8, டிரினிடாட் 6. அந்த ஒற்றை ஆட்டம் மாறியிருந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஹெய்ட்டி மேற்கு ஜெர்மனிக்குப் போனது. கேலி கமிங்ஸ் வீட்டுக்குத் திரும்பினார்.

சிவப்பு ஞாயிறு

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1989-இல், அதே கமிங்ஸ் தேசிய அணியின் பயிற்சியாளர். அணியை மக்கள் ‘ஸ்டிரைக் ஸ்குவாட்’ என்று அழைத்தார்கள். தலைவர் கிளேட்டன் மாரிஸ். நடுக்களத்தில் ரசல் லட்டபி, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தெரிந்தவர். முன்வரிசையில் டொபேகோவிலிருந்து வந்த டுவைட் யார்க், அந்த நவம்பரில்தான் 18 வயது முடிந்த பையன்.

இந்த முறை இடங்கள் இரண்டு. கோஸ்டா ரிகா ஒன்றை எடுத்துவிட்டது. மீதி ஒன்றுக்கு அமெரிக்காவும் டிரினிடாடும் ஆளுக்கு 9 புள்ளியுடன் நின்றன. மே மாதம் கலிஃபோர்னியாவில் நடந்த முதல் ஆட்டத்தில் 88-ஆவது நிமிடத்தில் ஹட்சன் சார்ல்ஸ் அடித்த கோல் 1-1 என்று முடித்துக் கொடுத்திருந்தது. கோல் வித்தியாசம் டிரினிடாடுக்குச் சாதகம். நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கடைசி ஆட்டம். அமெரிக்கா ஜெயித்தே ஆக வேண்டும். டிரினிடாடுக்கு ஒரு டிரா போதும்.

ஒரு டிரா போதும் என்கிற நிலையைப் போல ஆபத்தான நிலை கால்பந்தில் இல்லை. ஜெயிக்க வேண்டும் என்றால் என்ன செய்வதென்று கால்களுக்குத் தெரியும். தோற்காமல் இருந்தால் போதும் என்றால் முன்னே ஓடுவதா, பின்னே நிற்பதா என்ற குழப்பம் வந்துவிடும். நாடோ அதற்குள் கொண்டாடத் தொடங்கிவிட்டது. தெருவெல்லாம் சிவப்புச் சட்டை. திங்கட்கிழமை பொது விடுமுறை என்று அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது.

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். அமெரிக்காவின் பால் கலிஜியூரி, கோலிலிருந்து வெகு தூரத்தில் ஒருவரை ஏமாற்றிவிட்டு இடது காலால் ஓங்கி அடித்தார். மேலே எழும்பிய பந்து திடீரென்று தாழ்ந்து இறங்கியது. கோல்கீப்பர் மைக்கேல் மாரிஸின் கண்ணில் வெயில். பந்து வலைக்குள். மீதி ஒரு மணி நேரம் டிரினிடாட் முட்டி மோதியது. கோல் விழவில்லை. 1950-க்குப் பிறகு உலகக் கோப்பையைப் பார்க்காத அமெரிக்கா இத்தாலிக்கு டிக்கெட் வாங்கியது. 1994 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையை முன்பே பெற்றுவிட்டு, ஆடும் தகுதிதான் இல்லை என்ற ஏளனத்திலிருந்தும் தப்பியது.

அதன் பிறகு அரங்கில் நடந்ததுதான் அந்த நாளின் பெருமை. கல் பறக்கவில்லை, பாட்டில் பறக்கவில்லை. ஜெயித்த அமெரிக்கர்களுக்குக் கைதட்டி வழிவிட்டது கூட்டம். அந்த ஆண்டுக்கான நேர்மை விருதை ஃபிஃபா எந்த அணிக்கும் கொடுக்கவில்லை, டிரினிடாட் ரசிகர்களுக்குக் கொடுத்தது.

அந்த நாளுக்கு இன்னொரு முகமும் உண்டு. இருக்கைகளைவிடப் பல ஆயிரம் டிக்கெட்டுகள் கூடுதலாக விற்கப்பட்டிருந்தன. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கையில் அதை வைத்துக்கொண்டே வாசலுக்கு வெளியே நின்றார்கள். விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அப்போது கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஜாக் வார்னர். மறு ஆண்டே அவர் கரீபியன் உள்ளிட்ட வட்டாரக் கூட்டமைப்பான கான்ககாஃபின் தலைவரானார். 1997-இல் ஃபிஃபாவின் துணைத் தலைவர். மைதானத்தில் தோற்றுப்போன தீவிலிருந்து ஒருவர் உலகக் கால்பந்தின் உச்சிக்கு ஏறினார். குட்டித் தீவானாலும் பெரிய தேசமானாலும் ஃபிஃபா தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு. கரீபியன் ஓட்டுகளின் கொத்து கையில் இருந்ததே வார்னரின் பலம்.

மனாமாவில் ஒரு கார்னர்

தோற்ற அணியிலிருந்து இருவர் உலகம் பார்க்கப் போனார்கள். லட்டபி போர்ச்சுகலுக்குப் போய் போர்ட்டோ வரை ஆடி, பிறகு ஸ்காட்லாந்தில் பேர் வாங்கினார். யார்க் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். அங்கிருந்து 1998-இல் மான்செஸ்டர் யுனைடெட். மறு ஆண்டு அந்த அணி ஒரே பருவத்தில் மூன்று பெரிய கோப்பைகளை வென்றபோது முன்வரிசையில் சிரித்துக்கொண்டே கோல் அடித்தவர் இந்த டொபேகோக்காரர்.

கரீபியன் கோப்பையை டிரினிடாட் எட்டு முறை வென்றிருக்கிறது. ஆனால் உலகக் கோப்பைக் கதவு மட்டும் திறக்கவில்லை. 2006-க்கான கடைசித் தகுதிச் சுற்றில் முதல் மூன்று ஆட்டத்தில் கிடைத்தது ஒரே புள்ளி. யார்க்கைப் பள்ளிப் பருவத்திலிருந்து வளர்த்த பயிற்சியாளர் பெர்டில் செயின்ட் கிளேர் விலக்கப்பட்டார். ரியல் மாட்ரிட்டையும் நெதர்லாந்தையும் பயிற்றுவித்த லியோ பீன்ஹாக்கர் வந்தார். சங்கத்தோடு மனக்கசப்பில் ஒதுங்கியிருந்த யார்க்கும் லட்டபியும் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கடைசி ஆட்டத்தில் ஸ்டெர்ன் ஜானின் இரண்டு கோல்களால் மெக்சிகோவை 2-1 என வென்று நான்காம் இடம். ஆசியாவின் பஹ்ரைனோடு மோதி ஜெயித்தால் ஜெர்மனி.

சொந்த ஊரில் 1-1. தோல்வியிலிருந்து காப்பாற்றிய கோலை அடித்தவர் கிறிஸ் பர்ச்சால், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். தாயார் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர் என்பதால் அணிக்கு வந்தார். நவம்பர் 16, 2005, பஹ்ரைனின் மனாமா. 49-ஆவது நிமிடத்தில் யார்க் கார்னர் அடித்தார். ஆறடி ஏழு அங்குல உயரமுள்ள டிஃபெண்டர் டென்னிஸ் லாரன்ஸ் எழும்பித் தலையால் முட்டினார். கோல். ஆட்டம் முடியும் நேரத்தில் பஹ்ரைன் போட்ட கோலை, கோல்கீப்பர் கையில் இருந்த பந்தை உதைத்தார்கள் என்று நடுவர் ரத்து செய்தார். 1973-இல் எதிராக ஊதிய விசில் இந்த முறை இவர்களுக்காக ஊதியது. அதுவரை உலகக் கோப்பைக்கு வந்த நாடுகளிலேயே மக்கள்தொகையில் சிறியது டிரினிடாட்.

2006 ஜூன் 10, டார்ட்மண்ட் நகரில் ஸ்வீடனுடன் முதல் ஆட்டம். எதிரே இப்ராஹிமோவிச், லார்சன், யுங்பெரி. கோல்கீப்பர் கெல்வின் ஜாக் பயிற்சியின்போதே காயப்பட, கடைசி நேரத்தில் ஷாக்கா ஹிஸ்லப் இறங்கினார். இரண்டாம் பாதி தொடங்கியதுமே ஆவரி ஜானுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஹிஸ்லப் ஒன்றையும் உள்ளே விடவில்லை. முடிவு 0-0. பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு கிடைக்காத அந்த டிரா, இப்போது ஸ்வீடனிடமிருந்து கிடைத்தது.

இங்கிலாந்தை 83-ஆவது நிமிடம் வரை மறித்து நிறுத்தினார்கள். பீட்டர் கிரவுச் தலையால் முட்டிக் கோலாக்கியபோது, அவர் பிரென்ட் சாஞ்சோவின் சடைமுடியைப் பிடித்து இழுத்தபடி எழும்பியது பிறகு படத்தில் தெரிந்தது. 2-0. பராகுவேயிடமும் 2-0, முதல் கோல் சாஞ்சோ போட்ட சேம்சைடு கோல். மூன்று ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆனாலும் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் அந்தக் கோடையில் டிரினிடாட் சட்டை வாங்கினார்கள். அணியில் ஜேசன் ஸ்காட்லாந்து என்று ஒருவர் இருந்தார். முதுகில் அந்தப் பெயர், எதிரே இங்கிலாந்து. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு!

கணக்கு வழக்கு

ஊர் திரும்பியதும் ஆட்டக்காரர்கள் கணக்குக் கேட்டார்கள். உலகக் கோப்பை வணிக வருமானத்தில் பாதி உங்களுக்கு என்று பேச்சு. சங்கம் நீட்டிய தொகையோ ஆளுக்கு ஆயிரம் அமெரிக்க டாலரைக்கூட எட்டவில்லை. வழக்கு லண்டன் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2008-இல் தீர்ப்பு ஆட்டக்காரர்கள் பக்கம் வந்தது. பணம் கைக்கு வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. கேள்வி கேட்டவர்களில் பலர் தேசிய அணியிலிருந்து ஓரங்கட்டப்பட்டார்கள். உலகக் கோப்பை ஆடிய அணியை, அடுத்த உலகக் கோப்பைக்கு வளர்த்தெடுக்க வேண்டிய நேரத்தில், கலைத்துப் போட்டது எதிரணி அல்ல. 2011-இல் கயானாவிடம் தோற்று, பெரிய அணிகளைச் சந்திக்கும் முன்பே டிரினிடாட் வெளியேறியது. அதே ஆண்டு வார்னர் ஃபிஃபா பதவிகளைத் துறந்தார். 2015-இல் அமெரிக்க நீதித்துறை அவர்மீது ஊழல் குற்றச்சாட்டு பதிவு செய்தது. ஃபிஃபா வாழ்நாள் தடை விதித்தது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் இரவு வந்தது. அக்டோபர் 10, 2017. நடு டிரினிடாடில், ஒரு காலத்தில் கரும்புப் பகுதியாக இருந்த கூவாவில் ஆட்டம். எதிரே அமெரிக்கா. டிரினிடாட் பட்டியலின் அடியில், போட்டியை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. அரங்கில் ஓரிரண்டு ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். ரஷ்யாவுக்குப் போக அமெரிக்காவுக்குத் தேவை ஒரு டிரா.

ஓமர் கொன்சாலஸ் சேம்சைடு கோல் போட்டுக் கணக்கைத் தொடங்கி வைத்தார். 37-ஆவது நிமிடத்தில் ஆல்வின் ஜோன்ஸ் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து கோல்கீப்பரைத் தாண்டிப் போனது. புலிசிச் ஒன்றைத் திருப்பினார், அவ்வளவுதான். 2-1. அதே நேரத்தில் பனாமாவும் ஹோண்டுராஸும் தத்தம் ஆட்டத்தில் ஜெயித்துவிட, 1986-க்குப் பிறகு முதல் முறையாக அமெரிக்கா இல்லாத உலகக் கோப்பை உறுதியானது. டிரினிடாடின் பயிற்சியாளர், மனாமாவில் முட்டிய அதே டென்னிஸ் லாரன்ஸ்.

பழி தீர்ந்தது என்று பத்திரிகைகள் எழுதின. தீர்ந்தது பழி மட்டும்தான். சங்கத்தின் கடன் தீரவில்லை. 2020-இல் கடன் சுமையைக் காரணம் காட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்தை நீக்கிவிட்டுத் தன் குழுவை ஃபிஃபா அமர்த்தியது. நிர்வாகம் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போக, நாடே இரண்டு மாதம் உலகக் கால்பந்திலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டது.

2024 நவம்பரில் யார்க் பயிற்சியாளரானார். 2026 உலகக் கோப்பையில் 48 அணிகள். அமெரிக்காவும் மெக்சிகோவும் கனடாவும் போட்டியை நடத்துவதால் தகுதிச் சுற்றிலேயே இல்லை. இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு கரீபியன் அணிக்குக் கிடைக்காது. டிரினிடாட் கடைசிச் சுற்றில் ஆறு ஆட்டம் ஆடி, ஒன்றில் வென்று, ஒன்றில் தோற்று, நான்கை டிரா செய்தது. மூன்றாம் இடம். அந்தப் பிரிவிலிருந்து தகுதி பெற்றது குராசோ, மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம்.

குராசோவின் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து அங்கேயே பயின்றவர்கள். அந்த வசதி டிரினிடாடுக்கு இல்லை. யார்க்கும் கிளேட்டன் மாரிஸும் லாரன்ஸும் தீவிலேயே ஆடக் கற்றவர்கள். இனி வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் வர வேண்டும். ஆகவே சின்ன நாடு, ஆள் போதாது என்ற சாக்கு அங்கே எடுபடாது. மெக்சிகோவை நான்கு கோல் போட்டு அடித்தவர்களையும், ஸ்வீடனைப் பத்துப் பேரோடு நிறுத்தியவர்களையும் அந்த மண் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு ஒழுங்காகக் கணக்கு வைக்கும் ஒரு சங்கத்தைத்தான் இன்னும் கொடுக்கவில்லை.

(அடுத்த வாரம்: 1974-இல் இத்தாலியின் டினோ சோஃபைத் தாண்டிப் பந்தை அனுப்பிய ஹெய்ட்டிக்காரர்)