மன்றங்களில் சேர ஒரு பருவம் உண்டு



நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில், மதிப்பெண் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: ‘பள்ளியில் ஈடுபட்டுள்ள மன்றம், விளையாட்டு, பிற பணிகள்’. இந்த ஆண்டு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் ஒரு கோடுதான் இழுத்திருந்தார்கள். நேர்காணலில் பிள்ளைகளிடமே கேட்டோம். “வீட்ல வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றார்கள் சிலர். “எப்போ சேரணும்னு தெரியாது” என்றார்கள் பலர். நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி, தன் பெயரையும் படிப்பையும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை உம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் முன்னால் நின்று பேச அவளுக்கு அதுவரை ஓர் இடம் அமையவில்லை.

அந்த இடம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் கதவு எல்லா வகுப்பிலும் திறந்திருக்காது. 10-ஆம் வகுப்பும் 12-ஆம் வகுப்பும் பொதுத்தேர்வு ஆண்டுகள். அப்போது எதிலும் புதிதாகச் சேர முடியாது, சேர்ப்பதும் சரியல்ல. ஆகவே 8, 9, 11 ஆகிய வகுப்புகள்தான் இதற்கான காலம்.

என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படை 1948-இல் தொடங்கப்பட்டது. பள்ளி மாணவர்களுக்கு இளையோர் பிரிவு இருக்கிறது. மாணவிகளுக்கும் தனிப்பிரிவு உண்டு. சேர்வதற்கு வயது வரம்பு உண்டு. இரண்டு ஆண்டுப் பயிற்சி, போதிய வருகை, ஒரு முகாம், இவற்றுக்குப் பின் தேர்வு எழுதினால் ‘ஏ’ சான்றிதழ் கிடைக்கும். 8-ஆம் வகுப்பில் ஜூன் மாதமே பெயர் கொடுத்தால்தான் 9-ஆம் வகுப்பு முடிவதற்குள் பயிற்சி நிறைவடையும். பெரும்பாலான பள்ளிகளில் சீருடைச் செலவை அரசே ஏற்கிறது. சுயநிதி முறையில் படை நடத்தும் பள்ளிகளில் கட்டணம் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஏ’ சான்றிதழை மட்டும் வைத்து வேலை கிடைத்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கல்லூரியிலும் தொடர்ந்து ‘சி’ சான்றிதழ் வரை போகிறவர்களுக்கு, எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் வழி ஒன்று இருக்கிறது. தமிழகக் காவலர் தேர்விலும் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு. ஓரிரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப்போகும் தேர்வு அது. சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் கல்லூரிகளில் தொடங்கி, பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 11-ஆம் வகுப்பில் சேர வேண்டும். மரம் நடுதல், துப்புரவு, விழிப்புணர்வுப் பணிகளோடு, பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழு நாள் சிறப்பு முகாமும் நடக்கும்.

ஜே.ஆர்.சி. எனும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவியும் சுகாதாரமும் கற்றுத்தருகிறது. பெயரில் ‘சிலுவை’ இருக்கிறதே என்று ஒரு வாப்பா எங்களிடம் தயங்கினார். நியாயமான கேள்விதான். 1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களைப் பார்த்த ஹென்றி டுனாண்ட் என்ற சுவிஸ்காரரின் முயற்சியில் பிறந்த இயக்கம் அது. அதன் சின்னம் சுவிஸ் நாட்டுக் கொடியின் நிறங்களை மாற்றிப் போட்டது; மத அடையாளம் அல்ல. துருக்கி உள்ளிட்ட பல முஸ்லிம் நாடுகளில் இதே இயக்கம்தான் செம்பிறைச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. இதைச் சொன்னதும் அவர் படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்.

சாரணர் சாரணியர் இயக்கத்தில் சிறு வயதிலிருந்தே சேரலாம். ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது வரை அதில் படிகள் இருக்கின்றன. பசுமைப் படை, இலக்கிய மன்றம், நுகர்வோர் மன்றம் போன்றவற்றுக்கு முகாமும் இல்லை, செலவும் இல்லை. பொட்டலத்தில் விலையையும் காலாவதித் தேதியையும் படித்துவிட்டுக் கடைக்காரரிடம் கேள்வி கேட்கும் பிள்ளை வீட்டுக்கு நல்லதுதானே!

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஆட்டம் பாட்டம்’ என்று மொத்தமாக ஒதுக்கிவிடுகிறோம். ஓவியம், பேச்சு, கட்டுரை, களிமண் உருவங்கள் என்று எத்தனையோ போட்டிகள் அதில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவருகிறதோ அதில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் ‘இன்ஸ்பயர்’ விருதைப் பற்றி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். புதிய யோசனை ஒன்றைப் பள்ளி வழியாக அனுப்பி, அது தேர்வானால், மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்கில் வரும். நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான். பள்ளிப் பதிவேட்டில் முகைதீன், ஆதாரில் மைதீன், வங்கியில் மொஹிதீன் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர் இருக்கும். இதை இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம்.

மாலை மதரஸா நேரமும் பயிற்சி நேரமும் மோதுகின்றனவா? வாரத்தில் எந்த நாள் பயிற்சி என்று பள்ளியில் எழுதி வாங்கி உஸ்தாதிடம் காட்டுங்கள். அந்த நாளின் பாடத்தை வேறு நேரத்தில் எடுக்க நம் பகுதி உஸ்தாதுகள் சிலர் ஏற்கெனவே சம்மதித்திருக்கிறார்கள். நோன்பைப் பொறுத்தவரை, இப்போதைய ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால் முகாம்களோடு பெரும்பாலும் குறுக்கிடாது. பெண் பிள்ளைகளின் உடை பற்றி முதலிலேயே பேசிவிடுவது நல்லது. என்.சி.சி. சீருடை நாடு முழுவதற்கும் ஒன்று. அதை மாற்றும் அதிகாரம் பள்ளி ஆசிரியருக்கு இல்லை. அது ஒத்துவராத குடும்பத்துக்கு மற்ற மன்றங்கள் இருக்கின்றன.

பெரிய தடை, வெளியே தங்கும் முகாம்தான். சென்ற ஆண்டு 11-ஆம் வகுப்பு மாணவி ஒருத்தியின் என்.எஸ்.எஸ். முகாம் படிவம் பத்து நாள் கையெழுத்து இல்லாமல் அலமாரியில் கிடந்தது. நம் மகளிர் குழுவினர் இருவர் அவளுடைய உம்மாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். எங்கே தங்கல், இரவில் உடன் தங்கும் ஆசிரியைகள் யார், சாப்பாடு என்ன, தொழுகைக்கு இடம் உண்டா என்று நேராகவே கேட்டார்கள். ஆசிரியை முகம் சுளிக்கவில்லை. இப்படி வந்து கேட்கும் பெற்றோர் குறைவு என்றார். சாப்பாடு ஏழு நாளும் சைவம், தொழுவதற்கு ஒரு வகுப்பறை என்று முடிவாயிற்று. முதல் இரண்டு நாள் மகள் மாலையில் வீடு திரும்பினாள். மூன்றாம் நாள் உம்மாவே போர்வையும் தொழுகை விரிப்பும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கடைசி நாள் கிராமத்து மக்கள் முன்னால் டெங்குத் தடுப்பு பற்றிப் பேசியது அந்தப் பெண்தான்.

அதே வாரம் இன்னொரு வீட்டிலும் பேசினோம். அவர்கள் சம்மதிக்கவில்லை, அது அவர்கள் உரிமை. ஆனால் அந்தப் பிள்ளையை இலக்கிய மன்றத்தில் சேர்க்க இந்த ஜூனில் மீண்டும் போய்ப் பேச இருக்கிறோம்.

படிவம் நிரப்பவோ, பள்ளிக்குத் துணைக்கு வரவோ ஆள் வேண்டுமானால், பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். எந்தப் பள்ளியில் எந்த மன்றம் இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரித்து வருகிறோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வரும்.